சுரங்கங்கள் மூடிய பிறகு: ரூர் நிலப்பகுதியில் ஒரு பயணம்

ஜெர்மனியின் மேற்கு எல்லையை ஒட்டி, ரூர், எம்ஷர், லிப்பே என்னும் மூன்று ஆறுகள் ஏறத்தாழ இணையாக ஓடி ரைன் ஆற்றில் கலக்கின்றன. இவற்றின் கரைகளில் பரந்திருக்கும் ரூர் நிலப்பகுதி 53 நகரங்களையும் ஊர்களையும் கொண்டது. 50 லட்சத்துக்கும் மேற்பட்ட மக்கள் வாழ்வது. ஒரு நகரம் எங்கே முடிகிறது, அடுத்தது எங்கே தொடங்குகிறது என்பது ரயிலில் செல்பவருக்குப் பெயர்ப் பலகைகளால்தான் தெரியவரும். இந்த நகரங்களை ஒட்டவைத்தது மண்ணுக்குள் கிடந்த நிலக்கரி. தெற்கே ரூர் ஆற்றங்கரையில் தரைமட்டத்திலேயே தலைகாட்டும் கரிப்படலங்கள் வடக்கே செல்லச் செல்ல ஆழத்தில் சரிந்து இறங்குவதால், தெற்கில் தொடங்கிய சுரங்கத் தொழில், நீராவி இயந்திரங்களும் ஆழ்குழி தோண்டும் நுட்பமும் வளர்ந்த வேகத்தில், எம்ஷர் கரைக்கும் பின்னர் லிப்பே கரைக்கும் நகர்ந்தது. தெற்கில் முதலில் தொடங்கிய தொழில் முதலில் முடிந்ததும் தெற்கில்தான். வடக்கின் ஊர்கள் பிற்காலத்தில், பெரும்பாலும் சுரங்கத்துக்காக மட்டுமே எழும்பியவை. கடைசி வரை அதை மட்டுமே நம்பியிருந்தவை. இந்தப் பகுதியில் எங்கு சென்றாலும், ஓர் ஊர் இன்று எந்நிலையில் இருக்கிறது என்பதற்கான விடையில் பாதி இந்த நிலவியலிலேயே அடங்கியிருக்கிறது.

கிழக்கிலிருந்து வரும் ரயில் ஹாம் நகரில் இப்பகுதிக்குள் நுழைகிறது. இந்நகரின் கடைசிச் சுரங்கம் 2010-இல் மூடப்பட்டது. நகரின் ஊன்ட்ரோப் தொழிற்பேட்டையில், 2002-இல் குடமுழுக்கு கண்ட ஸ்ரீ காமாட்சி அம்பாள் ஆலயத்தின் கோபுரம் எழுந்து நிற்கிறது. ஈழத்திலிருந்து போரினால் இடம்பெயர்ந்து வந்த தமிழர்கள் எழுப்பிய இக்கோயிலின் தேர்த் திருவிழாவுக்கு ஐரோப்பா முழுவதிலுமிருந்து பல்லாயிரவர் வருகிறார்கள்; தீர்த்தமாடுவதற்கு அவர்கள் இறங்கும் நீர், சுரங்கத் தொழிலின் உச்சகாலத்தில் சரக்குப் படகுகளுக்காக வெட்டப்பட்டு 1914-இல் திறக்கப்பட்ட டாட்டெல்ன்-ஹாம் கால்வாயின் நீர். இது இப்பகுதிக்குப் பொருந்தாத காட்சி அல்ல. ரூர் தொடக்கத்திலிருந்தே வந்தேறிகளால் கட்டப்பட்ட நிலம். 19-ஆம் நூற்றாண்டில் போலிஷ் மொழி பேசிய உழவர்கள் வந்தனர். 1961-இல் துருக்கியுடன் செய்துகொண்ட ஒப்பந்தத்தின் வழியாகத் துருக்கியரும், 1963 முதல் கொரியரும் சுரங்கங்களுக்குள் இறங்கினர். நிலத்தடியில் ஒருவரையொருவர் நம்பாமல் உயிர்பிழைக்க முடியாது என்பதால், உடனுழைப்போரைக் குறிக்கும் ‘கும்பெல்’ என்ற சொல்லும், சுரங்கத்துக்குள் இறங்குமுன் சொல்லும் ‘க்ளூக் ஆஃப்’ என்ற வாழ்த்தும் எல்லோருக்கும் பொதுவாயின.

வீழ்ச்சியின் கதை 1958-இல் தொடங்குகிறது. அதற்கு முந்தைய ஆண்டில் மேற்கு ஜெர்மனியின் நிலக்கரிச் சுரங்கங்களில் 6 லட்சத்துக்கும் மேற்பட்டோர் வேலைசெய்தனர். அவர்களில் பெரும்பான்மையோர் ரூர் பகுதியினர். மலிவான பெட்ரோலிய எண்ணெயும், கப்பலில் வந்திறங்கிய அமெரிக்க நிலக்கரியும் சந்தையைப் பிடித்ததும் விற்காத கரி சுரங்க வாசல்களில் மலைபோல் குவிந்தது. கரி தீர்ந்துவிடவில்லை; 1,000 மீட்டருக்கும் கீழிருந்து அதை எடுக்க ஆகும் செலவுதான் உலக விலையைத் தாண்டிவிட்டது. சுரங்கங்கள் ஒவ்வொன்றாக மூடப்பட்டபோது கருப்புக் கொடிகளுடன் ஊர்வலங்கள் நடந்தன. அரசும் தொழிற்சங்கமும் சுரங்க முதலாளிகளும் நீண்ட பேச்சுகளின் முடிவில் 1968-இல் பெரும்பாலான சுரங்கங்களை ஒரே நிறுவனமாக, ரூர்கோலே என்ற பெயரில், இணைத்தனர். சுரங்கங்களை ஒழுங்குபட, ஒவ்வொன்றாக, எவரையும் தெருவில் விடாமல் மூடுவதே அந்த நிறுவனத்தின் முதன்மையான பணி ஆயிற்று. நிலத்தடியில் உழைத்தவர்கள் ஐம்பது வயதை எட்டியதும் ஓய்வூதியம் கிடைக்கும் வரை மாதந்தோறும் பெறக்கூடிய இடைக்காலத் தொகையும், இளையவர்களுக்கு வேறொரு சுரங்கத்திலோ வேறு தொழிலிலோ இடமும் உறுதிசெய்யப்பட்டன. இதற்கு அடித்தளமாக அமைந்தது 1951-இன் ஒரு சட்டம். நிலக்கரி, எஃகு நிறுவனங்களின் மேற்பார்வைக் குழுக்களில் தொழிலாளர் பிரதிநிதிகளுக்கும் பங்குதாரர்களுக்கும் சம எண்ணிக்கையில் இடமளித்த அச்சட்டத்தால், சுரங்கத்தை மூடும் முடிவு தொழிலாளர்களைக் கேட்காமல் எடுக்கப்பட முடியாததாயிற்று. 1984-85-இல் பிரிட்டனின் சுரங்கத் தொழிலாளர்கள் ஓராண்டு வேலைநிறுத்தத்தில் தோற்று, ஒரு தலைமுறைக்குள் ஊர்களோடு சேர்ந்து சிதறிப்போனதோடு ஒப்பிட்டால், ரூர் வாங்கிய அவகாசத்தின் மதிப்பு விளங்கும். அந்த அவகாசத்துக்கு விலையும் இருந்தது. 1975 முதல் 1995 வரை மேற்கு ஜெர்மனியின் ஒவ்வொரு மின்கட்டண ரசீதிலும் நிலக்கரிக்கான கூடுதல் வரி இருந்தது. பல்லாயிரம் கோடி மானியம் பழைய தொழிலைத் தாங்கிப்பிடிக்கவே போயிற்று. புதிய தொழில்களுக்கு அதே பணம் முன்னதாகவே போயிருக்க வேண்டும் என்ற விமர்சனம் நியாயமானது. ஆனால் அந்தப் பணம் இல்லாமல் ஓர் இரவில் மூடியிருந்தால் புதிய தொழில் வந்து சேரும் நாளில் ஊரில் ஆட்களே இருந்திருக்க மாட்டார்கள் என்பதும் உண்மை.

டோர்ட்முண்ட் நகரின் ஹோர்டெ பகுதியில் இந்த மாற்றம் கண்ணைப் பறிக்கும் வடிவில் நிற்கிறது. நிலக்கரியோடு இணைபிரியாமல் வளர்ந்தது எஃகு. சுரங்கம் தள்ளாடியபோது எஃகு ஆலைகளும் தள்ளாடின. ஹோர்டெயின் ஃபீனிக்ஸ் எஃகு ஆலை 2001-இல் நின்றது. சீனாவிலிருந்து வந்த தொழிலாளர்கள் அதைத் திருகு திருகாகக் கழற்றிக் கப்பலேற்றிக் கொண்டுசென்றார்கள். ஆலையின் கிழக்குப் பகுதி நின்ற பள்ளத்தில் 2010 அக்டோபரில் நீர் விடப்பட்டு, 24 ஹெக்டேர் பரப்புள்ள ஃபீனிக்ஸ் ஏரி உருவாயிற்று; அது வெள்ளக் காலத்தில் எம்ஷரின் நீரைத் தாங்கும் தேக்கமாகவும் அமைக்கப்பட்டது. இன்று கரையெங்கும் படகுத்துறைகளும் கண்ணாடி முகப்பு வீடுகளும் நிற்கின்றன. ஏரியைச் சுற்றி நடப்பவர் சரிவின் மேலேறி இரண்டு தெருக்களைக் கடந்தால், எஃகுத் தொழிலாளர்கள் வாழ்ந்த பழைய குடியிருப்புகளைக் காணலாம். அந்தத் தெருக்களின் வாடகை, ஏரி வந்த பிறகு ஏறிக்கொண்டே போகிறது. பாழ்நிலத்தைச் சுத்தம் செய்து நீர்ப்பரப்பாக்கியது போற்றத்தக்க பொறியியல் சாதனை. ஆனால் ஆலையால் வாழ்ந்தவர்களின் பிள்ளைகளுக்கு அந்தக் கரையில் வீடு வாங்க இயலாத நிலையில், நிலம் மீண்டது என்று சொல்லலாமே தவிர ஊர் மீண்டது என்று சொல்ல இயலாது. டோர்ட்முண்டின் உண்மையான மாற்று வேறிடத்தில், 1968-இல் நிறுவப்பட்ட பல்கலைக்கழகத்தை ஒட்டி 1985-இல் தொடங்கிய தொழில்நுட்ப மையத்தில் இருக்கிறது. பேராசிரியர்களும் பட்டதாரிகளும் தொடங்கிய சிறு நிறுவனங்களுக்கு இடமளிக்கத் தொடங்கிய அந்த வளாகம், பின்னர் மென்பொருள், நுண்பொறியியல், உயிரியல் நுட்பம் ஆகியவற்றில் சில நூறு நிறுவனங்களாகப் பெருகியது.

மேற்கே அடுத்த நகரமான போஹும், மீட்டெடுக்கும் முயற்சிகளில் எது நின்றது, எது விழுந்தது என்பதை ஒரே நகர எல்லைக்குள் வைத்துக் காட்டுகிறது. 1962-இல் இங்கே இரண்டு நிகழ்வுகள் நேர்ந்தன. மூடப்பட்ட சுரங்கங்களின் நிலத்தில் ஓப்பல் நிறுவனம் தன் கார் தொழிற்சாலையைத் திறந்தது. அதே ஆண்டில் ரூர் பல்கலைக்கழகம் நிறுவப்பட்டு, 1965-இல் வகுப்புகள் தொடங்கின. பல லட்சம் மக்கள் நெருக்கமாக வாழ்ந்த இத்தொழில் நிலத்தில் நவீன காலத்தில் தோன்றிய முதல் பல்கலைக்கழகம் அதுதான் என்பது, இங்கே வாழ்ந்தவர்களிடமிருந்து உடலுழைப்பைத் தவிர வேறெதையும் அதிகாரம் எதிர்பார்க்கவில்லை என்பதற்குச் சான்று. அன்றைய அரசியல் தலைவர்களுக்குத் தொழிற்சாலைதான் மீட்பாகத் தோன்றியது. ஒரு காலத்தில் 20,000-க்கும் மேற்பட்டோர் ஓப்பலில் வேலைசெய்தனர். 2014 டிசம்பரில் அத்தொழிற்சாலை மூடப்பட்டது. அதற்கு முன்பே, 2008-இல், இந்நகரில் கைபேசிகளைத் தயாரித்துவந்த நோக்கியா சுமார் 2,300 பேரை விட்டுவிட்டு உற்பத்தியை ருமேனியாவுக்குக் கொண்டுபோயிற்று. மூன்றே ஆண்டுகளில் ருமேனியாவையும் விட்டு வெளியேறியது. ஒரு பெரிய முதலாளியை இழந்த ஊர், அந்த இடத்தில் இன்னொரு பெரிய முதலாளியை வரவழைத்து அமர்த்தினால், அதே பலவீனத்தையே மறுபடி விலைகொடுத்து வாங்குகிறது. போஹும் அதை இரண்டு முறை செய்தது. பல்கலைக்கழகமோ, உடனடி வேலைவாய்ப்பைத் தராத முதலீடாக இருந்தும், ஏறத்தாழ 40,000 மாணவர்களோடு வளர்ந்து, கணினிப் பாதுகாப்பு ஆய்வில் பெயர்பெற்றது. அதன் தொடர்ச்சியாகவே 2019-இல் இணையப் பாதுகாப்புக்கும் தனியுரிமைக்குமான மாக்ஸ் பிளாங்க் ஆய்வு நிறுவனம் போஹுமில் உருவானது. ஓப்பல் நின்ற நிலத்திலும் இப்போது அத்துறை சார்ந்த நிறுவனங்கள் எழும்பியுள்ளன. பக்கத்திலேயே பார்சல் பிரிக்கும் பெரிய கிடங்கும் இருக்கிறது. விதைத்து ஐம்பது ஆண்டுகள் காத்திருந்த பிறகு கிடைத்த விளைச்சல் இது.

புதிய தொழில்கள் தாமதமானதற்கு நிலமும் ஒரு காரணம். சுரங்க, எஃகு நிறுவனங்கள் தம் காலி நிலங்களை விற்க நெடுங்காலம் மறுத்துவந்தன. அருகில் வேறு தொழில் வந்தால் தொழிலாளர்கள் அங்கே போய்விடுவார்கள், கூலியும் உயரும் என்ற அச்சமே அதன் அடிப்படை. நிலத்தைப் பிடித்துவைத்திருப்பவர் ஓர் ஊரின் எதிர்காலத்தையும் பிடித்துவைத்திருக்கிறார். 1980-இல் மாநில அரசு தனியாக ஒரு நில நிதியத்தை அமைத்து, பாழ்பட்ட தொழில் நிலங்களைத் தானே வாங்கி, நஞ்சேறிய மண்ணை அகற்றியோ மூடியோ, பிறகு புதிய பயன்பாட்டுக்குக் கொடுக்கத் தொடங்கிய பிறகுதான் இந்தக் கட்டு அவிழ்ந்தது. இந்தப் பகுதியின் எல்லா உத்திகளிலும் மிகக் குறைவாகப் பேசப்படுவதும், மற்றவற்றுக்கெல்லாம் வழிவிட்டதும் இதுவே.

நாற்பதாம் எண் நெடுஞ்சாலை போஹுமையும் எஸ்ஸனையும் கிழக்கு மேற்காக அறுத்துச் செல்கிறது. இப்பகுதியினர் அதைச் சமூகத்தின் நிலநடுக்கோடு என்கிறார்கள். தெற்கே பசுமையான ரூர் பள்ளத்தாக்கும் வசதியான குடியிருப்புகளும் பல்கலைக்கழக வளாகங்களும் உள்ளன. வடக்கே எம்ஷர் கரை ஊர்கள் உள்ளன. வடக்கே திரும்பும் ரயில் கெல்சன்கிர்ஹனில் நிற்கிறது. இரவில் எரிந்த சுரங்க வாயுவின் சுடர்களால் ஆயிரம் நெருப்புகளின் நகரம் என்று அழைக்கப்பட்ட ஊர் அது. 1950-களின் முடிவில் 3.9 லட்சமாக இருந்த மக்கள்தொகை இன்று 2.7 லட்சத்துக்கும் கீழே இறங்கியிருக்கிறது. வேலையின்மை ஜெர்மனியிலேயே மிக அதிகமாக உள்ள நகரங்களுள் ஒன்றாகப் பல ஆண்டுகளாக இருந்துவருகிறது. பழைய எஃகு வார்ப்பாலை நிலத்தில் 1995-இல் திறக்கப்பட்ட அறிவியல் பூங்கா, 300 மீட்டர் நீளக் கண்ணாடிக் கூடத்தோடும் கூரை முழுவதும் சூரியத் தகடுகளோடும் எழுந்தபோது, கரியின் நகரம் சூரியனின் நகரமாகும் என்ற நம்பிக்கை பரவியது. 2010-களில் ஆசிய உற்பத்தியின் விலையோடு போட்டியிட முடியாமல் ஜெர்மனியின் சூரியத் தகடுத் தொழில் சரிந்தபோது அந்த நம்பிக்கையும் சுருங்கியது. சுரங்கத் தொழிலாளர்களின் அணியாகத் தோன்றிய ஷால்கே கால்பந்துக் கழகத்தின் அரங்கில், ஆட்டக்காரர்கள் களத்துக்கு வரும் பாதை சுரங்கப் பாதையின் வடிவிலேயே அமைக்கப்பட்டிருக்கிறது. சுரங்கம் போன பின்னும் ஊரை ஒன்றாக வைத்திருப்பது அந்த அரங்கம். நேர்மையாகப் பார்த்தால், ரூரின் மீட்சி என்று உலகெங்கும் சொல்லப்படும் கதை இந்த ஊரை இன்னும் எட்டவில்லை.

சில கிலோமீட்டர் தொலைவில், எஸ்ஸனின் வடபகுதியில், சோல்ஃபெரைன் சுரங்கம் நிற்கிறது. ஃபிரிட்ஸ் ஷூப், மார்ட்டின் க்ரெம்மர் என்ற இரு கட்டடக் கலைஞர்கள் வடிவமைத்து 1932-இல் இயங்கத் தொடங்கிய அதன் 12-ஆம் குழியில், நாளொன்றுக்கு 12,000 டன் கரி எடுக்கப்பட்டது. கரியை மேலேற்றிய இரட்டைக் கால் கோபுரமும், சிவப்புச் செங்கல்லும் எஃகுச் சட்டமும் கொண்ட சதுரக் கட்டடங்களும், தொழிற்கூடத்தைக் கோயிலுக்குரிய ஒழுங்கோடு அமைத்துக் காட்டுகின்றன. 1986-இல் சுரங்கம் மூடப்பட்டபோது அதை இடித்து இரும்பை விற்பதே எளிய வழியாக இருந்தது. மாநில அரசு நிலத்தை வாங்கி அதைக் காத்தது. 2001-இல் அது யுனெஸ்கோவின் உலக மரபுச் சின்னமாயிற்று. கரி கழுவும் ஆலை இன்று ரூர் அருங்காட்சியகம். கொதிகலன் கூடம் வடிவமைப்புப் பொருட்களின் காட்சிக்கூடம். ஃபோல்க்வாங் கலைப் பல்கலைக்கழகத்தின் வடிவமைப்புத் துறையும் இவ்வளாகத்துக்கே வந்துவிட்டது. சுற்றுலா வருவாய் சுரங்கத்தின் கூலிக்கு ஈடாகாது. ஆயிரக்கணக்கானோர் உழைத்த இடத்தில் இன்று அதைவிட மிகக் குறைவானவர்களே வேலைசெய்கிறார்கள். ஆயினும், தன் தாத்தா உழைத்த இடத்தைக் குப்பையாகக் கருதி இடிக்கும் ஊரும், அதைப் பாதுகாத்து உலகை அழைத்துக் காட்டும் ஊரும் தம்மைப் பற்றிக் கொள்ளும் மதிப்பு ஒன்றாக இருக்காது. 2010-இல் எஸ்ஸனும் ரூர் முழுவதும் ஐரோப்பியப் பண்பாட்டுத் தலைநகராக விளங்கியபோது, நாற்பதாம் எண் நெடுஞ்சாலையை 60 கிலோமீட்டருக்கு மூடி மேசைகளை இட்டு, ஏறத்தாழ 30 லட்சம் பேர் ஒரே நாளில் அதில் கூடினார்கள்.

இந்த மாற்றத்தின் மூளையாகச் செயல்பட்டது, 1989 முதல் 1999 வரை கார்ல் கான்ஸரின் தலைமையில் நடந்த எம்ஷர் பூங்கா கட்டடக்கலைக் கண்காட்சி. கண்காட்சி என்ற பெயரிருந்தும் அது அரங்குகள் கொண்ட விழா அல்ல. 17 நகரங்களில் சுமார் 120 திட்டங்களைப் பத்தாண்டுகளில் நிறைவேற்றிய செயல் நிறுவனம். புதிய ஆலை வர வேண்டுமானால் முதலில் மக்கள் வாழ விரும்பும் நிலமும் நீரும் வேண்டும் என்பது அதன் அடிப்படைக் கொள்கை. எம்ஷர் ஆற்றைப் பார்த்தால் அது ஏன் என்று விளங்கும். சுரங்கங்கள் கரியை எடுத்த பின் மேலிருக்கும் தரை அமிழ்கிறது. எஸ்ஸனின் சில பகுதிகள் 20 மீட்டருக்கும் மேல் இறங்கிவிட்டன. அமிழும் மண்ணில் புதைத்த கழிவுநீர்க் குழாய்கள் உடைந்துபோகும் என்பதால், 1899-இல் தோன்றிய எம்ஷர் கூட்டுறவு அமைப்பு, ஆற்றையே கான்கிரீட் வாய்க்காலாக்கி, நகரங்களின் சாக்கடை முழுவதையும் அதில் திறந்தவெளியில் ஓடவிட்டது. நூறாண்டுகளுக்கு எம்ஷர் ஒரு சாக்கடை. பிள்ளைகள் அருகே போகாதபடி வேலியிட்ட நீர். சுரங்கங்கள் வடக்கே நகர்ந்து தரை நிலைபெற்ற பின், 1992 முதல், 5 பில்லியன் யூரோவுக்கும் மேற்பட்ட செலவில், 51 கிலோமீட்டர் நீளப் பெருங்குழாய் ஒன்று 40 மீட்டர் வரை ஆழத்தில் பதிக்கப்பட்டு, ஆற்றின் கான்கிரீட் தகர்க்கப்பட்டது. 2021-ஆம் ஆண்டின் இறுதியிலிருந்து எம்ஷரில் கழிவுநீர் கலப்பதில்லை. இன்று அதன் கரைகளில் மிதிவண்டிப் பாதைகள் செல்கின்றன. பல இடங்களில் கரையெங்கும் புல்லும் நாணலும் வளர்ந்திருக்கின்றன.

எம்ஷரை ஒட்டியிருக்கும் போட்ராப் நகரில்தான் ரூரின் கடைசிச் சுரங்கமான ப்ரோஸ்பர்-ஹானியல் இருந்தது. மானியத்தை 2018-இல் முடிப்பதென்று 2007-இலேயே முடிவெடுக்கப்பட்டதால், பதினோர் ஆண்டு முன்னறிவிப்போடு மூடப்பட்ட சுரங்கம் அது. 2018 டிசம்பர் 21 அன்று, கடைசியாக மேலேறிய தொழிலாளர்கள் கரித்துண்டு ஒன்றைக் குடியரசுத் தலைவர் ஷ்டைன்மையரின் கையில் கொடுத்தார்கள். இவ்வூரின் கழிவுமேடுகளில் ஒன்றின் உச்சியில் எஃகாலான நான்முகக் கோபுரம் நிற்கிறது. அதன் மேலேறிப் பார்க்கையில் கண்ணுக்கெட்டிய தூரம் வரை மரங்களே தெரிகின்றன. மரங்களின் கீழுள்ள தரை அமிழ்ந்த தரை என்பது அங்கிருந்து தெரியாது. ஆழத்துச் சுரங்க நீரையும், பள்ளமாகிவிட்ட நிலத்தில் தேங்கும் மழைநீரையும் இடைவிடாமல் இறைத்துக்கொண்டே இராவிட்டால் இப்பகுதியின் பெரும்பரப்பு ஏரியாகிவிடும். முடிவில்லாத இப்பணிக்காகவே 2007-இல் ஓர் அறக்கட்டளை நிறுவப்பட்டது. சுரங்க நிறுவனத்தின் பழைய வேதியியல் பிரிவிலிருந்து தோன்றிய எவோனிக் நிறுவனத்தின் பங்குகளே அதன் முதன்மைச் சொத்து. அவற்றின் வருவாயிலிருந்து, 2019 முதல், ஆண்டுதோறும் 20 கோடி யூரோவுக்கு மேல் நீரிறைப்புக்கும் நீர்த்தூய்மைக்கும் செலவிடப்படுகிறது. தொழில் லாபகரமாக இருக்கும்போதே பின்விளைவின் செலவைப் பெட்டியில் போட்டுவைக்காத எந்தச் சுரங்க நிலத்துக்கும் இந்த ஏற்பாடு தாமதமாகவாவது பின்பற்றத்தக்கது.

ஓபர்ஹௌசனில் மூடிய எஃகு ஆலை நிலத்தில் 1996-இல் திறக்கப்பட்ட பெரும் வணிக வளாகம் வேலைகளைத் தந்தது. ஆனால் நகரின் பழைய கடைத்தெருவை வெறுமையாக்கிவிட்டது. அதே ஊரின் ஐசன்ஹைம் குடியிருப்பு வேறொரு பாடம். 1846-இல் தொடங்கப்பட்ட, ரூரின் மிகப் பழைய தொழிலாளர் குடியிருப்பான இதை இடித்து அடுக்குமாடி கட்டத் திட்டமிட்டபோது, குடியிருந்தவர்களே 1970-களில் கலை வரலாற்றாளர் ரோலண்ட் குன்டரின் துணையோடு போராடித் தடுத்தனர். தோட்டத்துடன் கூடிய சிறு வீடுகள் இன்றும் வாழுமிடங்களாக இருக்கின்றன.

பயணம் டூயிஸ்பர்க்கில் ரைன் ஆற்றை அடைகிறது. ஆற்றின் மேற்குக் கரையில், ரைன்ஹௌசனில், க்ருப் எஃகு ஆலையை மூடும் அறிவிப்பு வந்தபோது, 1987-88 குளிர்காலத்தில் தொழிலாளர்கள் 160 நாள் போராடினார்கள், பாலத்தை மறித்தார்கள், அது இன்று ஒருமைப்பாட்டுப் பாலம் என்ற பெயரைத் தாங்கி நிற்கிறது. ஆலை 1993-இல் மூடப்பட்டது. அதன் நிலத்தில் இப்போது சரக்குக் கிடங்குகள் பரந்திருக்கின்றன. சீனாவின் சோங்சிங்கிலிருந்து 2011 முதல் நேரடிச் சரக்கு ரயில்கள் வருகின்றன. வேலைகள் உண்டு, ஆனால் பழைய எஃகுக் கூலியும் வேலைப் பாதுகாப்பும் இல்லை. நகரின் வடக்கில், 1985-இல் அணைந்த மைடரிஹ் இரும்பாலையை, பீட்டர் லாட்ஸ் என்ற நிலவடிவமைப்பாளர் இடிக்காமல் அப்படியே பூங்காவாக்கினார். எரிவாயுத் தொட்டியில் மூழ்குநீச்சல் பயிலலாம், தாதுக் கிடங்கின் சுவர்களில் மலையேற்றம் பயிலலாம், நுழைவுக் கட்டணம் இல்லை. அதற்கப்பால், ஹம்போர்னில், ஐரோப்பாவின் மிகப் பெரிய எஃகு வளாகம் இன்னும் இயங்குகிறது. கரிக்குப் பதிலாக ஹைட்ரஜனைக் கொண்டு தாதுவிலிருந்து இரும்பைப் பிரிக்கும் ஆலைக்கு 2023-இல் மத்திய அரசும் மாநில அரசும் சேர்ந்து ஏறத்தாழ 2 பில்லியன் யூரோ தர ஒப்புக்கொண்டன. 2024 நவம்பரில் இவ்வளாகத்தை நடத்தும் நிறுவனம் தன் எஃகுப் பிரிவின் 27,000 வேலைகளில் 11,000-ஐக் குறைக்கவோ வெளியே ஒப்படைக்கவோ போவதாக அறிவித்தது. 1968-இல் சுரங்கத் தொழிலாளர்களுக்குக் கிடைத்த அவகாசமும் உத்தரவாதமும் இம்முறை எஃகுத் தொழிலாளர்களுக்குக் கிடைக்குமா என்பதே அதன் பின் ஹம்போர்னின் வாசல்களில் தொழிற்சங்கங்கள் பேரம் பேசிய கேள்வி.